ஆமென் வரைக்கும் காற்று

ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறியது.

அடுக்களையில் சாயா ஆற்றிக்கொண்டிருந்த ஷைஜாவின் கை அந்தரத்தில் நின்றது. சத்தம் பின்பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தது. மிஷினுக்குக் காற்று ஊதும் புளோயர்! கையிலிருந்த டம்ளர் சரிந்து சாயா தரையில் ஓடியதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

"முருகதாஸ்! என்னாச்சு? போச்சா?"

மிஷினுக்குப் பின்னால் குத்தவைத்திருந்த மெக்கானிக் முருகதாஸ், காற்று வெளியே வரும் வாயை ஓர் அட்டையால் மூடிப் பிடித்திருந்தான். அட்டையை எடுத்தான். சத்தம் பழையபடி இறங்கியது.

"ஒண்ணும் போகலக்கா. டியூபுக்கு கரண்டே குடுக்கல, வெறும் புளோயர்தான் ஓடுது. காத்து அடைச்சா சத்தம் எப்படி மாறுதுன்னு பாத்தேன். அதுக்கு நீங்க பிரசவ வார்டு வாசல்ல நிக்க மாப்பிள மாதிரி இப்படி ஓடி வாறீங்க?"

"வெளையாடாத கேட்டியா. எனக்கு உசுரு போயிட்டு வந்துது."

"உசுரு வந்துது, செரி. சாயா எங்க?"

சிரிக்க நினைத்தாள். முடியவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

இப்படித்தான் ஆகிவிட்டது அவள் பிழைப்பு. சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் ஒரு காது பட்டறையிலேயே கிடக்கும். கைக்குழந்தைக்காரி தொட்டிலைக் கவனிப்பது போல அவள் அந்தப் புளோயரின் இரைச்சலைக் கவனித்தாள்.

தக்கலையிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பட்டறை. அதில் ஒரே ஒரு மிஷின். இரண்டு பிளாஸ்டிக் ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பித்தளை அச்சை இறக்கிக் காலால் பெடலை மிதித்தால், நெருப்பில்லாமல் புகையில்லாமல் விளிம்பு ஒட்டிக்கொள்ளும். பைபிள் கவர், பாட்டுப் புத்தகக் கவர், பாங்கு பாஸ்புக் கவர் எல்லாம் அதில்தான் பிறந்தன. இந்தப் பக்கத்துச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை யார் கையில் பைபிளைப் பார்த்தாலும் அதன் உறை தன் கைபட்டதாக இருக்குமோ என்று ஷைஜா ஓரக்கண்ணால் பார்ப்பாள். பாதிக்குப் பாதி அப்படித்தான் இருக்கும்.

அந்த மிஷினின் உயிர் ஒரு டியூபில் இருந்தது. வீட்டில் எரிகிற டியூப்லைட் அல்ல. முற்றிய தேங்காய் அளவில், பீங்கான் கழுத்தும், உடம்பைச் சுற்றி நெருக்கமாகச் செப்புத் தகடுகளுமாக இருக்கும். உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்து அடைத்திருப்பார்கள். வேலை நடக்கும்போது அடுப்பாகக் காயும். அந்தத் தகட்டு இடுக்குகள் வழியாகப் புளோயர் விடாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதாவிட்டால் பீங்கானும் உலோகமும் சேரும் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே ஒரு துளி காற்று உள்ளே போனால் அதோடு முடிந்தது. உள்ளே காற்று வந்தாலும் சாவு, வெளியே காற்று நின்றாலும் சாவு. என்ன பிறவியோ!

ஷைஜாவின் கணவன் ஸ்டெனி உயிரோடிருந்தவரை ஒரே டியூப்தான். மாரடைப்பு வந்து அவன் போன பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு செத்துவிட்டன. இப்போது இருப்பது மூன்றாவது. கோயம்புத்தூரில் பழைய மிஷின்களைப் பிரித்து விற்பவர்களிடம் முருகதாஸ் சல்லடை போட்டுத் தேடி எடுத்து வந்தது. "இதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க, இந்த மாடலே இப்பம் வாறது இல்ல" என்று சொல்லித்தான் மாட்டினான்.

அதைக் காப்பாற்ற ஷைஜா செய்யாத வேலை இல்லை. பெரிய புளோயர் போட்டாள். சூடான காற்றே திரும்பவும் உள்ளே போகிறது என்று முருகதாஸ் சொன்னதும், பட்டறைச் சுவரை உடைத்து வெளிக்காற்று வர வழி வைத்தாள். பிளாஸ்டிக் ஆவி பிசுபிசுவென்று தகடுகளில் படிகிறது என்றதும், வாரா வாரம் பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தாள்.

"காத்து ஒரு சோம்பேறிக்கா," என்பான் முருகதாஸ். "எந்த வழி லேசோ அந்த வழியாப் போயிரும். தகட்டு இடுக்குல கஷ்டப்பட்டு நுழையாது. நாமதான் மத்த வழியெல்லாம் அடைச்சு, பிடரியப் பிடிச்சு உள்ள தள்ளணும்."

அதற்காக டியூபைச் சுற்றிச் சூடு தாங்கும் ஷீட்டில் ஒரு சட்டை தைத்தது போல் வளையம் போட்டு, சந்துபொந்தெல்லாம் அடைத்தாயிற்று. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முந்தின டியூபுக்கும் கிட்டத்தட்ட இதையெல்லாம் செய்தவள்தானே!

முருகதாஸ் பையிலிருந்து நகத்தளவு வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தான். முன்னறைக்குப் போய்ப் பட்டறை மெயினை அணைத்துவிட்டு வந்து, மிஷின் கதவைத் திறந்து, டியூபின் கழுத்தில் ஒட்டினான்.

"சூடு அளவு தாண்டுச்சுன்னா இது கறுத்துரும். ஒருக்கா கறுத்தா பிறகு வெளுக்காது. இந்தக் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தாலே தெரியும். இன்னைக்கு முழுக்க நல்லா ஓட்டுங்க. எப்பம் கறுக்குதுன்னு பாருங்க."

"கறுத்துட்டா?"

"எங்கயோ நமக்குத் தெரியாம சூடேறுதுன்னு அர்த்தம். வேலைய நிறுத்தின பிறகும் புளோயர் கொஞ்ச நேரம் ஓடுதுல்லா? டியூபுல தங்கின சூட்ட இறக்கதுக்குத்தான் அந்த டைமர். அது வேலை செய்யுதா?"

"ஓடுதே. தெனமும் என் காதால கேட்டுட்டுத்தானே கை கழுவப் போறேன்."

முருகதாஸ் தலையைச் சொறிந்தான். "அப்பம் எனக்கும் மனசிலாகல. பேடிக்காதீங்க. வாறேன்."

பேடிக்காதீங்களாம்! பயப்படாமல் எப்படி இருக்க முடியும்? இன்று சாயங்காலம் நேசமணியண்ணன் வருகிறார் என்பது அவனுக்குத் தெரியாது.

நேசமணி குவைத்துக்கு ஆள் அனுப்புகிறவர். இவர்கள் சபைக்காரர்தான், கெட்டவர் இல்லை. அங்கே ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள் என்றும், இப்போது விட்டால் இனி இப்படி ஒன்று வராது என்றும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று பாஸ்போர்ட்டை வாங்கிப் போக வருகிறார். குடுக்கிறேன் என்று ஷைஜாவும் சொல்லிவிட்டாள். வேறென்ன சொல்ல? இந்த டியூபும் போனால் மிஷின் வெறும் இரும்பு. ஆனால் குவைத்துக்குப் போனால் மகள் ஜாஸ்பினை ஹாஸ்டலில் விட வேண்டும். மாமாவை யாரிடம் விடுவது?

மாமா என்றால் ஸ்டெனியின் அப்பா யேசுரத்தினம். உபதேசியாராக ஊர் ஊராகச் சபைகளில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். பெற்ற ஒரே மகனைத் தன் கையால் மண் போட்டு அடக்கம் செய்தவர். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது இரண்டுதான். ஒன்று மருமகளும் பேத்தியும். மற்றது சாயங்கால ஜெபம்.

அந்த ஜெபத்தால் இந்த வீட்டில் ஒரு காலத்தில் சண்டை நடந்திருக்கிறது. ஸ்டெனி ஜெப நேரத்திலும் மிஷினை நிறுத்தமாட்டான். "நீங்க ஜெபிங்கப்பா, நான் வேலை செய்யுதேன். ரெண்டும் ஆண்டவருக்குத்தான். இது யாருக்க கவரு? பைபிள் கவருல்லா!" என்பான். "ஏலே, ஆண்டவருக்கு முன்னால இந்த ஊளச் சத்தம் வேணுமா?" என்று இவர் கத்துவார். ஷைஜா நடுவில் நின்று தவிப்பாள்.

சிதறால் மலையடியில் பிறந்து, ஒரு வருஷம் தையல் படித்து, இருபத்தொன்றில் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஸ்டெனி போன பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனின் மனசு கோணக்கூடாது என்று, ஒரு நாளும் தவறாமல் ஜெப நேரத்துக்கு மிஷினை நிறுத்திவிட்டு வந்து முட்டுக்குத்தினாள். ஊரில் அதற்கு நல்ல பேர். மிஷினுக்கு மட்டும் கெட்ட பேர். "எஜமான் போன வீட்டுல மிஷினும் நிலைக்காது" என்று சொன்னவர்கள் உண்டு. ஸ்டெனியின் கைராசி அவனோடு போய்விட்டதோ என்று அவளுக்கே ஒரு பயம் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

அன்று பகல் முழுக்க ஷைஜா பேய் பிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். ஒரு கட்டு ஒட்டி முடிப்பாள், எழுந்து போய்க் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். வெள்ளை. இன்னொரு கட்டு. மறுபடியும் டார்ச். வெள்ளை. உச்சி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கொதித்தபோதும் வெள்ளை. அவளுக்குத்தான் முகம் கறுத்தது.

பொழுது சாய்ந்தது. முன்னறையில் மாமா பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. ஷைஜா நிறுத்தும் பட்டனை அமுக்கினாள். அச்சு அடங்கியது. புளோயர் மட்டும் தன்பாட்டுக்கு இரைந்தது. கடைசியாக ஒருமுறை டார்ச் அடித்தாள். ஸ்டிக்கர் மல்லிகை மொட்டு போல வெள்ளையாக இருந்தது.

"அப்பாடா" என்று சொல்ல வாய் வந்தது. பயத்தில் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் நேசமணி.

"ஜெபமா? நல்ல நேரத்துலதான் வந்திருக்கேன். நானும் இருக்கேன் உபதேசியாரே."

"இரிங்க," என்றார் மாமா. முகம் கொடுக்கவில்லை.

ஜாஸ்பின் பாட்டு எடுத்தாள். பாட்டை நடுவிலேயே நிறுத்தினாள். அம்மாவின் காதோரம் குனிந்து, "போவியாம்மா?" என்று கேட்டாள். ஷைஜா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். ஊரை, சபையை, நோயாளிகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஒரு இடத்தில் நின்றார். பிறகு குரல் உடைந்தது.

"ஆண்டவரே, அந்த மிஷினைக் காத்துக்கொள்ளும். அந்த டியூபுக்கு ஒரு பொல்லாப்பும் வராமல் பாரும். என் மகனை எடுத்துக்கொண்டீர், நான் வாய் திறக்கவில்லை. என் மருமகளையும் கடல் தாண்டி அனுப்பிவிடாதேயும்."

நேசமணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார்.

"ஆமென்."

எல்லோரும் எழுந்தார்கள். "ஷைஜா, அதை எடுத்துட்டு வந்திரு. எனக்கு நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கணும்," என்றார் நேசமணி.

பாஸ்போர்ட் பட்டறை அலமாரியில், ஸ்டெனியின் தகரப் பெட்டியில் இருந்தது. வழக்கமாக ஜெபம் முடிந்ததும் அடுக்களைக்குப் போகிறவள், அன்று பட்டறைக்குப் போனாள். உள்ளே நுழைந்து சுவரில் துழாவிச் சுவிட்சைப் போட்டாள்.

விளக்கு எரியவில்லை.

அணைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். இருட்டு. கரண்ட் போய்விட்டதா? திரும்பிப் பார்த்தாள். முன்னறையில் வெளிச்சம் இருந்தது. அடுக்களையிலும் இருந்தது. பட்டறையில் மட்டும் ஏன் இல்லை? இருட்டில் அந்த மிஷின் பிணம் மாதிரி நின்றது. அருகே போகப் போக அதன் தகரத்திலிருந்து அனல் அடித்தது. இந்நேரம் ஆறியிருக்க வேண்டுமே!

முன்னறையிலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் வந்தது.

யாரும் தொடாமலே அவள் தலைக்குமேல் விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் கண்ணாடி வழியே பார்த்தாள். ஸ்டிக்கர் மை போலக் கறுத்திருந்தது.

பகல் முழுக்க வேலை செய்தபோது ஏறாத சூடு, எல்லாரும் முட்டுக்குத்தி ஜெபித்த நேரத்தில் ஏறியிருக்கிறது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். பட்டறைக்கான மெயின் சுவிட்ச் முன்னறைச் சுவரில், வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடும் சத்தம்.

இத்தனை மாதமும் இப்படித்தானா? அவள் கை கழுவப் போகிறாள், மெயின் கீழே இறங்குகிறது, புளோயர் நிற்கிறது. டைமர்தான் நிறுத்தியது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். கொதிக்கிற டியூப் காற்றில்லாமல் அங்கே மூச்சுமுட்டிச் சாகிறது, இங்கே அதற்காக ஜெபம் நடக்கிறது! ஸ்டெனி காலத்தில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவன் நிறுத்தவே இல்லையே. நிறுத்தினவள் அவள். அணைத்தவர் மாமா. ஜெபத்துக்காகவே இரண்டு பேருமாகச் சேர்ந்து அல்லவா கொன்றிருக்கிறார்கள்!

பாஸ்போர்ட்டை எடுக்காமலே முன்னறைக்கு வந்தாள்.

"மாமா," என்றாள். "ஜெபத்துக்கு இருக்கும்போ பட்டறை மெயினை அணைச்சிருந்தியளா?"

கிழவர் பைபிளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "ஆமா மக்ளே. தெனமும்தான் அணைக்கேன். ஆமென் சொன்னதும் போட்டும் விடுதேனே. ஏன்?"

"மிஷினை நிறுத்தினாலும் புளோயர் ஓடணும் மாமா. அது ஓடினாத்தான் டியூபு ஆறும். ஓடாததுனாலதான்..."

அதற்குமேல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நேசமணி முடித்துவைத்தார். "அப்பம் டியூபக் கொன்னது பிசாசு இல்ல, நம்ம உபதேசியார்தான்!" என்று சிரித்துவிட்டு, யாரும் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

யேசுரத்தினம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ அந்நியனின் கையைப் பார்ப்பது போல.

"நானா?" என்றார். "ரெண்டு டியூபும்... நானா மக்ளே?"

"உங்களுக்குத் தெரியாது மாமா. எனக்கும் தெரியல."

"இரைச்சல்னு நான் அணைக்கல," அவர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தச் சத்தம் கேட்டா அவன் உள்ள நின்னு வேலை செய்யது மாதிரியே இருக்கும். கண்ண மூடினா ஆண்டவரு வரமாட்டாரு, அவன்தான் வருவான். அவங்கூட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் அந்தச் சத்தத்துக்காக! ஜெபம் வராது மக்ளே. அதுக்காக்கும் அணைச்சேன்." வெள்ளைத் தாடி நனைய அவர் அழுதார். ஜாஸ்பின் ஓடிப்போய்த் தாத்தாவைக் கட்டிக்கொண்டாள்.

நேசமணி எழுந்தார். "செரி, ஆனது ஆச்சு. டியூபு இன்னைக்கும் வெந்துதானே கெடக்கு? அது இருக்கா, செத்துதா? ஷைஜா, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். பாஸ்போர்ட்டைத் தா."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஷைஜா அவரைப் பார்த்தாள். "ஒரு கவரு ஒட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்ணே."

எல்லோரும் பட்டறைக்கு வந்தார்கள். முதலில் புளோயரை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டாள். பிறகு டியூபுக்கு மின்சாரம் கொடுத்துக் காத்திருந்தாள். கண்ணாடிக்குள் மெல்லிய செம்மை படர்ந்தது. விரிசல் விழுந்திருந்தால் இப்போது படாரென்று ஒரு வெடிப்பு கேட்கும். முதல் இரண்டும் அப்படித்தான் போயின. நேசமணி வாசல் பக்கமாக ஓர் அடி நகர்ந்து நின்றார்.

இரண்டு ஷீட்டை வைத்தாள். அச்சை இறக்கினாள். "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிப் பெடலை மிதித்தாள்.

வெடிப்பு இல்லை. அச்சு ஏறியது. கவரை எடுத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிளாஸ்டிக் நீண்டு வெளுத்தது. ஒட்டு விடவில்லை. இன்னொன்று ஒட்டினாள். அதுவும் விடவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நிறுத்தும் பட்டனை அமுக்கினாள். புளோயர் இரைந்துகொண்டே இருந்தது. மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ தவறு செய்துவிடுவோமோ என்று பயப்படும் பிள்ளையைப் போல நின்றார்.

"மக்ளே, இந்தச் சத்தத்தோடயே ஒரு ஜெபம் பண்ணுதேன். அவனும் உள்ள நிக்கட்டும்."

மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஜெபித்தார். இரைச்சலில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஆமென் சொல்லியும் புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நகரவில்லை. வெகுநேரம் கழித்து அது தானாக மூச்சை இறக்கி நின்றது.

நேசமணி பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை ஷைஜா கூடவே வந்தாள்.

"அப்பம் தரமாட்டே?"

"இல்லண்ணே. மன்னிக்கணும்."

"கழுத்து எவ்வளவு வெந்திருக்கோ யாரு கண்டா? நாளைக்கே அது போச்சுன்னா என்ன செய்வ? என்னை விளிக்கக்கூடாது கேட்டியா. அந்த வேலை காத்திருக்காது."

"போனாலும் போகும்ணே. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா எதுனால போகுதுன்னு இப்பம் தெரியுமில்லியா? இவ்வளவு நாளும் அதுகூடத் தெரியாமத்தானே பயந்துட்டுக் கெடந்தேன்."

அவர் தோளிலிருந்த பையைத் திறந்து, பிய்ந்துபோன உறை போட்ட தன் பைபிளை எடுத்து அவளிடம் நீட்டினார். "அப்பம் இதுக்கொரு கவரு போட்டு வை. ஞாயித்துக்கிழம வாங்கிக்கிடுதேன். அதுவரைக்காவது அந்த டியூபு இருக்கட்டும்."

படி இறங்கிப் போனார். தக்கலை ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, அவர் நடை ஓட்டமானது. ஷைஜா அவர் ரோட்டில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.